அறுபத்து மூணு வயசு வரைக்கும் ஒரு திட்டம்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஆபீஸுக்குப் போய், துரைகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். "வேணாம்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்றதுல என்னய்யா தப்பு நடந்துடப் போகுதுன்னு கேக்கறீங்களா? என்னைத் தெரியாதவங்க கேக்கற கேள்வி அது.

விஷயத்தைச் சொல்லிடறேன். ரோபின்சன் ரோட்டுல ஒரு கப்பல் கம்பெனியில நான் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்பத்தஞ்சு வயசு ஆகப் போகுது. அம்பத்தஞ்சு ஆனா சேமநிதிப் பணத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தச் சேமநிதியே சிங்கப்பூர்ல வந்து கொஞ்ச வருஷந்தான் ஆகியிருந்துச்சு, அதனால தொகையும் ரொம்பப் பெரிசா இருக்காது. பென்ஷன் கின்ஷன் எல்லாம் எங்க கம்பெனியில பேச்சுக்கே இல்ல.

ஆனா எங்க வெள்ளைக்காரத் துரை நல்ல மனுஷன். "ஸ்டோர்ல எது எங்க இருக்குன்னு உன்னை விட்டா யாருக்கும் தெரியாது. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கியா? வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்"னு சொல்லியிருந்தார்.

கூட வேலை செய்யறவங்க எல்லாம், "சரின்னு சொல்லு லா! என்ன யோசனை?"ன்னு பிடுங்கி எடுத்தாங்க.

நான் சிரிச்சுக்கிட்டேன். அவங்களுக்கு எங்க தெரியும், என்கிட்ட திட்டம் இருக்குன்னு!

வேலையை விட்டப்பறம் காசு பத்துமா பத்தாதான்னு எல்லாரும் ஏன் மண்டையை உடைச்சுக்கறாங்க? எவ்வளவு காலம் இருப்போம்னு தெரியல, அதான். எனக்கு அந்தக் கவலையே இல்ல. எனக்குத் தெரியும்! கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தப்பவே ஜோசியர் சொல்லிட்டார்: "மாப்பிள்ளைக்கு ஆயுசு அறுபத்து மூணு." அந்தக் காலத்துல அறுபத்து மூணுன்னா பெரிய ஆயுசு. என் மாமனார் சந்தோஷத்துல ஜோசியருக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தார்.

ஆக, அம்பத்தஞ்சுல இருந்து அறுபத்து மூணு வரைக்கும் ஓட்டணும். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. யார்கிட்டயும் போய்க் கை நீட்டி நிக்கக் கூடாது. உக்காந்து கணக்குப் போட்டேன். வாடகை, மளிகை, வாரத்துக்கு ஒரு சினிமா, மாசத்துக்கு ஒரு தடவை ஆட்டுக்கறி. எல்லாம் கனகச்சிதமா வந்துச்சு.

வைத்தியச் செலவா? அதுவும் இருந்துச்சு. கடைசி மாசத்துக்கு மட்டும். அதுக்கு முன்னாடி நான்தான் சாக மாட்டேனே, டாக்டர் எதுக்கு? ஆனா அந்தக் கடைசி மாசம், பெரிய ஆஸ்பத்திரியில முதல் வகுப்பு வார்டு! தனி ரூம், தலைக்கு மேல ஃபேன், ஜன்னலோரமாக் கட்டில். வாழ்க்கை பூரா மூணாம் வகுப்புல போனவன், போற போக்காவது கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை.

சுடுகாட்டுச் செலவும் போக ஒரு காசு மிஞ்சாது. அந்த மிஞ்சாததுல எனக்கு இருந்த பெருமை இருக்கே!

அன்னைக்குக் காலையில அரை நாள் லீவு போட்டு வீட்டுல இருந்துட்டு, மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினேன். என் வீட்டுக்காரி கமலம் வாசல்ல மறிச்சா.

"துரைகிட்ட எத்தனை மணிக்குச் சொல்லப் போறீங்க?"

"போனதும் சொல்ல வேண்டியதுதான்."

"நேரம் பாத்தீங்களா?"

"வேணாம்னு சொல்றதுக்குக் கூடவா நேரம் பாக்கணும்?"

"வேணும்னு எப்ப வேணாலும் சொல்லலாம். வேணாம்னு சொல்றதுக்குத்தாங்க நேரம் பாக்கணும். சொல்லிட்டா அப்பறம் திரும்பக் கேக்க முடியாதுல்ல?"

அவ தகரப்பெட்டியைத் திறந்து என் ஜாதகத்தை எடுத்துக்கிட்டா. மூலையில மஞ்சள் தடவி, மஞ்சத்துணியில சுத்தி வச்சது. முன்பக்கத்தைப் பூச்சி தின்னு பல வருஷம் ஆச்சு. பேரு, பிறந்த தேதி எல்லாம் பூச்சி வயித்துக்குள்ள. கட்டம் மட்டும் நல்லா இருந்துச்சு.

சிராங்கூன் ரோட்டுல ஒரு பூக்கடைக்குப் பக்கத்துல, கடைகளை ஒட்டின அஞ்சடி நடைபாதையில பாய் விரிச்சு உக்காந்திருப்பார் ஒரு ஜோசியர். புதுசா வந்தவர். நாங்க போய் உக்காந்தோம்.

"ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க"ன்னு கமலம் ஜாதகத்தை நீட்டினா.

அவர் கட்டத்தைப் பாத்தார். விரலை மடக்கினார், நீட்டினார். மறுபடி பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துண்டுல துடைச்சுட்டு இன்னொரு தடவை பாத்தார். அப்பறம் ரொம்ப மெதுவா, மரியாதையா கேட்டார்:

"திதி குடுக்கறதுக்கு நேரம் கேக்கறீங்களா?"

"யாருக்குத் திதி?"

"இவருக்குத்தான். இவர் காலமாகி மூணு வருஷம் இருக்குமே!"

"ஐயோ!"ன்னு கமலம் நெஞ்சுல கையை வச்சுட்டா.

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "நான்தாங்க அவரு"ன்னேன்.

ஜோசியர் என் மூஞ்சியைப் பாக்கல. முதல்ல என் காலைப் பாத்தார். தரையில படுதா இல்லையான்னு!

படுதுன்னு தெரிஞ்சப்பறம்தான் அவருக்கு மூச்சே வந்துச்சு. "உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"அம்பத்தஞ்சு ஆகப் போகுது."

"இந்த ஜாதகருக்கு அறுபத்தாறு நடக்கணும். அதாவது, இருந்திருந்தா."

"நல்லாப் பாருங்க சாமி. எனக்கு அறுபத்து மூணு முடியற வரைக்கும் ஆயுசு இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். அது முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு!"

பூக்கடையில பூ கட்டிக்கிட்டு இருந்த அம்மா நாரைக் கீழ வச்சுட்டா. பக்கத்துக் காப்பிக்கடையில இருந்து ரெண்டு பேர் கிளாஸோட எழுந்து வந்துட்டாங்க. செத்துப் போன ஆள் உக்காந்து வழக்குப் பேசறதை ஓசியில பாக்கக் கிடைச்சா யாரு விடுவா?

கூட்டத்தைப் பாத்ததும் ஜோசியருக்கு உற்சாகம் வந்துடுச்சு. "நான் பொய் சொல்றதா நினைக்காதீங்க. அடையாளம் சொல்றேன், பொருந்துதான்னு பாருங்க. இந்த ஜாதகருக்கு ரெண்டு தாரம்!"

காப்பிக்கடை ஆளுங்க இன்னும் ரெண்டு அடி முன்னாடி வந்தாங்க.

கமலம் மெதுவா என் பக்கம் திரும்பினா. "யாரு அவ?"

"கமலம், எனக்கு ஒருத்தியச் சமாளிக்கவே..."

"யாருன்னு கேட்டேன்!"

"சத்தியமா யாரும் இல்ல கமலம்!"

"சாமி, அவளை எங்க வச்சிருக்கார்னு அதுல இருக்கா?"

ஜோசியர் தயங்கவே இல்ல. "கிழக்கே. கடலோரமா."

"காத்தோங்!"னு காப்பிக்கடை ஆள் ஒருத்தர் சத்தம் போட்டார். அவர்கிட்ட யாரு கேட்டா?

"வாரத்துக்கு ரெண்டு நாள் லேட்டா வர்றீங்களே, கப்பல் வந்துச்சு, கப்பல் வந்துச்சுன்னு! எந்தக் கப்பல்னு இப்பத்தானே தெரியுது!"

பூக்கார அம்மா தலையை ஆட்டிக்கிட்டு, "பாத்தா சாது மாதிரி இருக்கார்"னா.

ஜோசியர் விடல. "தேங்காய், எண்ணெய் வியாபாரத்துல நல்ல வரும்படி. ஆனா கையை விட்டுக் காசு இறங்காது. மகா கருமி."

அப்பத்தான் என் மண்டைக்குள்ள லைட் எரிஞ்சுது.

அறுபத்தாறு வயசு. ரெண்டு தாரம், ஊர்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. காத்தோங். தேங்காய். கருமி.

"கமலம்! இது என் ஜாதகம் இல்ல! காத்தோங்ல இருக்கற என் அண்ணனோடது!"

அவ நம்பல. நேராப் போய்க் கேட்டுடலாம்னு கையோட என்னைப் பஸ்ஸுல ஏத்திட்டா. மணி ரெண்டு தாண்டியிருந்துச்சு. துரை, நாலு மணி எல்லாம் எனக்கு மறந்தே போச்சு.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போச்சு. அப்பறம் பாத்தா, கமலம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டு இருக்கா.

"ஐயே, என்ன கமலம் இது? எனக்கு ரெண்டாம் தாரம் எல்லாம்..."

"அது இல்லங்க. அது அண்ணன் ஜாதகம்னா, அப்போ அந்த அறுபத்து மூணு உங்களுது இல்லல்ல?"

"இல்லதான்."

"கல்யாணத்தன்னைக்கு அப்பா சந்தோஷமா வந்து சொன்னாரு. அன்னையில இருந்து அதை நெஞ்சுல வச்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒண்ணு குறைஞ்சுது, ஒண்ணு குறைஞ்சுதுன்னு."

எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நான் அந்த நம்பரை வச்சு மளிகைக்கும் சினிமாவுக்கும் வகுத்துக்கிட்டு இருந்திருக்கேன். அவ அதை வச்சுப் பயந்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரே வீட்டுல! அவ கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. பிடிக்கவும் பிடிச்சேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். விட்டுட்டேன்.

அதோட நிறுத்தியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அவ மூக்கைச் சிந்திட்டுக் கேட்டா:

"அது சரி. உங்க திட்டத்துல அறுபத்து மூணுக்கு அப்பறம் எனக்கு என்ன எடுத்து வச்சிருந்தீங்க?"

நான் வெளியில பாத்தேன். கல்லாங் ஆத்துப் பாலம் வந்துக்கிட்டு இருந்துச்சு.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"இல்ல கமலம், நீதானே தினமும் விளக்கேத்திட்டு, பூவும் பொட்டுமா உங்களுக்கு முன்னாடி நான் போயிடணும்னு வேண்டிக்கிறே..."

"ஆமா."

"அதான், உனக்குன்னு தனியா எதுவும்..."

முன் சீட்டுல இருந்த சீன அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவங்க கூடத் திரும்பி என்னைப் பாத்தாங்க.

"அது வேண்டுதலுங்க! சாமிகிட்ட சொல்றது! அதையாங்க எடுத்துக் கணக்குல எழுதுவாங்க?"

உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அந்த நிமிஷம் வரைக்கும் அந்தத் திட்டத்துல ஒரு ஓட்டை கூட இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஜன்னலோரக் கட்டில் போட்டேன். இவளுக்கு ஒரு பாய் கூடப் போடல. அவ வேண்டுதல் பலிக்காம இவ மட்டும் தனியா நின்னா, யார் வீட்டு வாசல்ல போய் நிப்பா?

காத்தோங்ல சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி அண்ணன் வீடு. பின்னாடியே தேங்காய் மண்டி. அண்ணன் பட்டப்பகல்லயே இருட்டுல உக்காந்திருந்தார். லைட்டைப் போட மாட்டார். சட்டையில மூணு ஒட்டு.

"என்னடா வேலை நாள்ல? காப்பி எல்லாம் குடிச்சுட்டுத்தானே வந்திருப்பீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப சாதாரணமா, "ஓ, அதுவா! அப்பா ரெண்டு ஜாதகத்தையும் ஒரே துணியில சுத்தி வச்சிருந்தாரு. ரெண்டுலயும் பேரை அப்பவே பூச்சி தின்னிருந்துச்சு. நான் அவசரத்துல ஒண்ணை உருவிக்கிட்டு வந்தேன். அதை வச்சுத்தான் எனக்கும் உன் சின்ன அண்ணிக்கும் பொருத்தம் பாத்தோம். பத்துக்குப் பத்து!"ன்னார்.

உள்ள இருந்து வந்துக்கிட்டு இருந்த சின்ன அண்ணி அப்படியே நின்னுட்டாங்க. "அப்போ பத்துப் பொருத்தமும் எனக்குப் பொருந்துனது..."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் தேங்காய் மண்டியைப் பாத்தேன். கமலம் எழுந்து வந்து எனக்கும் அண்ணிக்கும் நடுவுல நின்னுக்கிட்டா.

"அப்போ நமக்குப் பொருத்தமே பாக்கலைங்க"ன்னு என் காதுல சொன்னா.

"பாக்காமலேதான் இத்தனை வருஷம் ஓடிடுச்சே."

"அதான் எப்படின்னு யோசிக்கறேன்."

நான் பேச்சை மாத்தினேன். "அண்ணே, என் ஜாதகம் இப்ப எங்க?"

"ஜப்பான்காரன் காலத்துல நகையோட சேத்துப் புதைச்சு வச்சேன். நகை வந்துச்சு. ஜாதகத்தைக் கரையான் தின்னுடுச்சு."

"அதுல ஆயுசு எவ்வளவுன்னு சொன்னாங்க? ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? எம்பத்தொம்போது! அதுக்குத்தானேடா இப்படி வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேக்கறேன். எம்பத்தொம்போது வரைக்கும் ஓட்டணுமே, சும்மாவா? பல்லு, கண்ணு, முட்டி எல்லாம் ஒவ்வொண்ணாப் போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர் பில் நீட்டுவான்..."

சொல்லிக்கிட்டே வந்தவர் பாதியில நிறுத்திட்டார். அவருக்கும் லைட் எரிஞ்சுது. அந்த வீட்டுல அன்னைக்கு எரிஞ்ச ஒரே லைட் அதுதான்.

"டேய்... அது உன் ஜாதகம்னா... என்னோடதுல எவ்வளவு?"

"அறுபத்து மூணு, அண்ணே."

"எனக்கு அறுபத்தாறுடா!"

"ஆமாண்ணே."

அண்ணன் தன் கையைத் தானே கிள்ளிப் பாத்துக்கிட்டார். அப்பறம் ஒட்டுப் போட்ட சட்டையைப் பாத்தார். அப்பறம் எழுந்தார். அவ்வளவு வேகமா அவர் எழுந்து நான் பாத்ததே இல்ல.

"அடியே! லைட்டைப் போடு! எல்லா லைட்டையும் போடு! ஆளை அனுப்பிப் பொங்கோல் கடற்கரையில இருந்து நண்டு வாங்கிட்டு வரச் சொல்லு. பெரிய நண்டா!"

அண்ணி அழ ஆரம்பிச்சுட்டாங்க. பயமா சந்தோஷமான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நான் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எம்பத்தொம்போது! என் கணக்கு அறுபத்து மூணோட மூடியாச்சு. நடுவுல இருக்கற அத்தனை வருஷத்துக்கு வாடகை யார் குடுப்பா? மளிகை? பல்லு? கண்ணு? முதல் வகுப்பு வார்டு போகட்டும், தாழ்வாரத்துல ஒரு கட்டில் கிடைக்குமா?

அறுபத்து மூணு பொய்யாப் போனதைக் கண்ணாலேயே பாத்தப்பறம், எம்பத்தொம்போது மட்டும் எப்படி நிஜமாகும்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அன்னைக்கு எங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் அது தோணல.

"என்னங்க, துரை!"ன்னு கமலம் கத்தினா.

மணி மூணரை!

"பஸ்ஸுல போனா அஞ்சாயிடும். போச்சு, கமலம், எல்லாம் போச்சு!"

"பஸ் எதுக்குடா?"ன்னார் அண்ணன். வாசலுக்குப் போய்க் கையைத் தட்டி டாக்ஸியை நிறுத்தினார். எங்க அண்ணன்! டாக்ஸி! காசையும் அவரே டிரைவர் கையில குடுத்தார். மிச்சத்தை வச்சுக்கச் சொன்னதைக் கேட்டு அண்ணி மறுபடி அழுதாங்க.

வழியெல்லாம் கமலம் எனக்குப் பாடம் எடுத்தா. "இருக்கேன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஜாதகம், அண்ணன், நண்டு எதுவும் துரைக்குத் தெரிய வேணாம்."

படியேறி ஓடினேன். துரை தொப்பியைக் கையில எடுத்துட்டார்.

"என்ன முடிவு?"

"இருக்கேன் சார்!"

"நல்லது. அஞ்சு வருஷம்."

"முப்பது வருஷம் குடுக்க முடியுமா சார்?"

துரை சிரிச்சார். நான் சிரிக்கல.

"முதல்ல கம்பெனி டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டு. அவர் சரின்னு சொன்னாத்தான் அஞ்சு வருஷமே. எதாவது கோளாறுன்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு இருமல் வந்துச்சு. கமலம் தூங்கல. "பாழாப் போன இருமல் இத்தனை வருஷம் வராம இன்னைக்கா வரணும்?"னு மிளகு, துளசின்னு கசாயம் வச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா. "டாக்டர் முன்னாடி இருமிடாதீங்க. நிமிந்து நில்லுங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சாமி, இந்த வேலை மட்டும் நிலைச்சுடட்டும்." அந்த அஞ்சு வருஷ சம்பளம்தான் அவளோட முதுமைக்கு. அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாள் டாக்டர் என்னைப் புரட்டி எடுத்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சைத் தட்டினார், முட்டியில சின்னச் சுத்தியலால அடிச்சார், ரத்த அழுத்தத்தை ரெண்டு தடவை பாத்தார். கடைசியில முதுகுல ஓங்கி ஒரு தட்டு தட்டி, "அம்பத்தஞ்சு வயசா உங்களுக்கு? நம்ப முடியலையே! இந்த உடம்புக்கு இன்னும் முப்பது, நாப்பது வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே வர வேண்டாம்"னார்.

வெளியில பெஞ்சுல கமலம் காத்துக்கிட்டு இருந்தா. என் மூஞ்சியைப் பாத்ததும் பதறி எழுந்தா.

"என்னங்க? டாக்டர் என்ன சொன்னார்?"

"நிலைமை மோசம், கமலம். எனக்கு ஒண்ணுமே இல்லையாம்!"